மைக் அணையாத வகுப்பு

மட்டாஞ்சேரி படகுத்துறையில் எர்ணாகுளம் படகுக்காக நின்றிருந்தபோது சரோஜா சேச்சியின் கணவர் போனில் அழைத்தார். "சரோஜா போயிட்டா மோளே," என்றார். அழுதுகொண்டே போனை வைத்துவிட்டார். படகு வந்தது, நான் ஏறவில்லை.

எங்கள் மருத்துவமனை ரெக்கார்ட் பிரிவில் சேச்சியோடு வேலை பார்த்தவர்களுக்கு அவருடைய சிரிப்பு நினைவிருக்கும். நான் சொல்ல வருவது அவர் சிரிக்காதிருந்த சில வாரங்களைப் பற்றி.

நோயாளிகளின் கோப்புகள் கம்ப்யூட்டருக்கு மாறப்போகின்றன, மருத்துவ விவரங்களைக் கம்ப்யூட்டரில் கையாளும் ஹெல்த் இன்ஃபர்மேட்டிக்ஸ் படித்தவர்களுக்கே இனி இந்தப் பிரிவில் இடம் என்று நிர்வாகம் சொன்ன வருடம் அது. இருவரும் இணையவழி வகுப்பில் சேர்ந்தோம். கடைத்தெரு இன்டர்நெட் கஃபேயில் ஒரே கம்ப்யூட்டர் முன் உட்காருவோம். எங்கள் வீடுகளில் பேச்சு தமிழ், எழுத்து மலையாளம், பாடமோ ஆங்கிலத்தில். "புரிந்ததா?" என்று ஆசிரியர் கேட்கும்போதெல்லாம் சேச்சி மைக்கில் "யெஸ் சார்" என்பார்.

ஒருநாள் அப்படிச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "எடீ, எனக்கு ஒரு அட்சரம் மனசிலாகல. உனக்கு?"

"எனக்கும் இல்ல சேச்சி. சர்டிபிகேட் கிடைச்சாப் போதும்."

மைக்கை அணைக்க மறந்திருந்தோம். அந்தப் பக்கம் பலர் சிரித்தார்கள். என்ன விஷயம் என்று ஆசிரியர் கேட்க, யாரோ ஒருவர் எங்கள் பேச்சை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தே சொல்லிவிட்டார்.

சேச்சி எழுந்து வெளியே போனார். தெருவில் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு, "நாணக்கேடாப் போச்சுடீ. இத்தன வயசுல பள்ளிக்கூடப் புள்ள மாதிரி பொய் சொல்லி மாட்டிக்கிட்டேன்," என்றார். பிறகு இருவரும் வகுப்புக்குப் போகவில்லை. வேலையிடத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவும் கூசியது. ஒன்றாகக் குடிக்கும் சாயாவும் நின்றுபோனது.

கடைசியில் அவர்தான் வந்து என் கையைப் பிடித்து இழுத்தார். "போன மானம் போயாச்சு. இனி கேட்டே படிப்போம், வா."

அன்று ஆசிரியர் வழக்கமான கேள்வியைக் கேட்டதும், "நோ சார். ஒன்ஸ் மோர்," என்றார். அன்றும் ஒருவர் சிரித்தார். சேச்சியின் கழுத்தெல்லாம் வியர்த்தது, ஆனால் எழுந்துபோகவில்லை. ஆசிரியர் மறுபடி விளக்கினார். எத்தனை முறை வந்தாலும் ஒரு நோயாளிக்கு ஏன் ஒரே எண் இருக்க வேண்டும் என்பது எனக்கு அன்றுதான் விளங்கியது.

தேர்வில் நான் தேறினேன். அவர் தோற்றார். கேண்டீனில் எல்லோர் முன்பும், "நான் தோத்துட்டேன், திரும்ப எழுதப்போறேன்," என்று அவரே சொன்னார். இரண்டாம் முறை தேறினார்.

இப்போது எங்கள் பிரிவுக்கு வரும் புதியவர்களுக்கு நான் சொல்லித்தருகிறேன். புரிந்ததா என்று கேட்பதில்லை. எது புரியவில்லை என்றுதான் கேட்கிறேன். யாராவது தலைகுனிந்தால், அந்தத் தலை நிமிரும்வரை காத்திருக்கிறேன். சேச்சியிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அது ஒன்றுதான்.