நாலாவது ஆள்

எங்கள் காரின் வலது பக்கப் பின்கதவு புதுசு. மற்ற மூன்று கதவுகளின் வெள்ளைக்கும் அதன் வெள்ளைக்கும் ஒரு பொடி வித்தியாசம் தெரியும். நான் கதை விடுகிறேன் என்று நினைப்பவர்கள் தக்கலைக்கு வாருங்கள். வீட்டு முன்னால்தான் வண்டி நிற்கிறது, தொட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். நான் லேப் டெக்னீஷியன். ரத்தம், சளி என்று தினமும் பார்த்துப் பழகின ஆள். பேய், பிசாசு என்று யாராவது வாயைத் திறந்தால் முதலில் சண்டைக்குப் போவது இந்த ஷைஜாதான். போன மார்ச் மாதம் வரைக்கும் அப்படித்தான் இருந்தேன்.

என் தம்பி ஜெஸ்பினுக்கு முப்பத்து நாலு வயது. பார்த்த இடமெல்லாம் தட்டிப்போனது. ஒரு வீட்டில் வேலை போதாது என்றார்கள், இன்னொரு வீட்டில் தலைமுடி போதாது என்றார்கள். கடைசியில் பாளையங்கோட்டையில் சுனிதா. அவளுக்கு இவனைப் பிடித்திருந்தது. இவனுக்கோ தலைகால் புரியவில்லை. ஒரு சனிக்கிழமை நேரில் வந்து உறுதி சொல்லிவிட்டால் கல்யாணத்துக்கு நாள் குறித்துவிடலாம் என்று சுனிதாவின் அப்பா போனில் சொன்னார். இதுவும் போனால் இனிமேல் எனக்குப் பெண்ணே பார்க்காதீர்கள் என்று ஜெஸ்பின் சொல்லிவிட்டான். அம்மா உபவாசமே இருந்தாள்.

ஒருநாள் பயணம்தான். காலை ஏழு மணிக்குத் தக்கலையில் கிளம்ப வேண்டும். நாகர்கோவிலில் பழமும் பலகாரமும் வாங்கிக்கொண்டு, வெயில் ஏறுவதற்குள் பாளையங்கோட்டை. சாப்பாடு அங்கே. விளக்கு வைப்பதற்குள் வீடு. என் வீட்டுக்காரர் விபின் வண்டி ஓட்டுவார், பக்கத்தில் நான், பின்னால் அப்பாவும் ஜெஸ்பினும். இப்படி எல்லாம் பேசி முடித்துத்தான் படுத்தோம்.

விடியும்போது அப்பா வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். எழுந்து நிற்கவே முடியவில்லை. அவரைப் பார்த்துக்கொள்ள அம்மா வீட்டில் இருந்தாக வேண்டும். மிச்சம் மூன்று பேர்.

என் அம்மா பூங்கனிக்கு அதைக் கேட்டதும் முகம் வெளிறிவிட்டது. "மூணு பேரா நல்ல காரியத்துக்குப் போவப்பிடாது."

எனக்கு வந்ததே கோபம். "ஞாயித்துக்கிழமை ஆனா சபையில முன்வரிசையில உக்காருதீங்க. இது எந்த வசனத்துல இருக்கும்மா?"

"வசனத்துல இல்லட்டி. எனக்க வயித்துல இருக்கு. இனி ஒண்ணு தட்டிப்போனா அவன் தாங்குவானா?"

அந்நேரத்துக்கு யாரைப் போய்க் கூப்பிடுவது? அந்த வீட்டுக்கு நாங்கள் குடிவந்தே ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அக்கம்பக்கத்தில் சரியாகப் பழக்கம்கூட இல்லை. கடைசியில் அம்மாதான் வழி சொன்னாள். "ஒரு கல்லை எடுத்து வண்டியில வையுங்கோ. அதுதான் நாலாவது ஆளு. திரும்பி வந்ததும் எடுத்த எடத்துல வச்சிரணும், கேட்டியளா?"

மூன்று பேர் போக வேண்டி வந்தால் துணைக்கு ஒரு கல் எடுத்துக்கொள்வது ஊரில் பலரும் செய்வதுதான். வீட்டுக்குப் பின்னால் கால்வாய். மராமத்துக்காகத் தண்ணீரை அடைத்திருந்தார்கள், படித்துறை காய்ந்து கிடந்தது. ஜெஸ்பின் ஓடிப்போய் அங்கிருந்து ஒரு கல்லைக் கொண்டுவந்தான். கறுப்பு. வழுவழுவென்று கைக்கு அடக்கமாக இருந்தது. அதில் ஒரு நூல் சுற்றியிருந்தது, அங்கங்கே மஞ்சள் கறை. பிள்ளைகள் எதையோ செய்து விளையாடியிருக்கிறார்கள் என்று அவன் நூலை அறுத்து எறிந்தான்.

பின்சீட்டில் இடது பக்கம் கல்லை வைத்துவிட்டு, பெரிய மனுஷனை அழைப்பதுபோல் குனிந்து சொன்னான். "வாரும் ஓய். மூணு பேரா போவப்பிடாதாம். நாலாவது ஆளு நீருதான்."

நாங்கள் சிரித்தோம். அம்மாகூடச் சிரித்தாள். பிறகு ஜெபம் பண்ணிவிட்டுக் கிளம்பினோம்.

வில்லுக்குறி தாண்டுவதற்குள் சீட் பெல்ட் அலாரம் அடித்தது. கீங்... கீங்... கீங்... நாங்கள் மூன்று பேரும் பெல்ட் போட்டிருந்தோம்.

"பின்சீட்டு இடது பக்கம்னு காட்டுது. கல்லுக்கெல்லாம் அடிக்காதே. ஆளு இருந்தால்லா அடிக்கும்" என்றார் விபின்.

ஜெஸ்பின் கல்லின் மேலேயே பெல்ட்டை இழுத்து மாட்டினான். சத்தம் நின்றது. அதற்கும் சிரித்தோம்.

வள்ளியூர் தாண்டியபோது காருக்குள் சேற்று வாடை. ஏசியைக் குறை சொன்னேன். திரும்பிப் பார்த்தால் ஜெஸ்பின் வலது பக்கக் கதவோடு ஒட்டி, தோளைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"என்னலே, தள்ளி உக்காரேன்."

"எடம் பத்தல அக்கா" என்றான். சொன்ன பிறகு அவனே பக்கத்தில் திரும்பிப் பார்த்தான். அந்தப் பக்கம் ஒரு கல்தான் இருந்தது.

சுனிதா வீட்டில் நல்ல உபசரிப்பு. ஜெபம் பண்ணி, உறுதி சொல்லி, சிரிக்கச் சிரிக்கப் பேசிக்கொண்டிருந்தோம். சாப்பாடு முடிந்ததும் சுனிதாவின் அப்பா வெளியே போனார். கொஞ்ச நேரம் கழித்து ஒரு காலி டம்ளரோடு உள்ளே வந்தார். முகம் சரியில்லை.

"உங்க மாமா ஏன் வண்டியிலயே இருக்காரு?"

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

"எவ்வளவு கூப்பிட்டும் எறங்க மாட்டேன்னுட்டாரு. சரி, காப்பியாவது குடிக்கட்டும்னு ஜன்னல் வழியாக் குடுத்தேன். ஒரே மடக்குல குடிச்சிட்டாரு... ரொம்பக் கோவக்காரரோ?"

"என்ன சொன்னாரு?" என்று கேட்டேன்.

"'கூட்டிட்டு வந்தானுவ. திரும்பக் கொண்டு போவ மாட்டானுவ'ன்னு ஏசுதாரு."

வண்டி பூட்டியிருந்தது. சாவி விபின் சட்டைப்பையில். ஜன்னல் நாலும் ஏற்றியிருந்தது. ஆனால் அதைச் சொல்ல முடியுமா? காரில் யாருமே இல்லை என்று சொன்னால் அந்த மனிதர் எங்களை என்னவென்று நினைப்பார்? ஜெஸ்பின் கெஞ்சுவதுபோல் என்னைப் பார்த்தான். சுனிதா கதவோரம் நின்றுகொண்டிருந்தாள்.

"ஆமா... மாமாவுக்குக் கொஞ்சம் கோவம் ஜாஸ்தி" என்றார் விபின்.

அப்படித்தான் அவர் எங்களுக்கு மாமா ஆனார்.

விடைபெற்று வெளியே வந்தோம். வண்டிக்குள் யாரும் இல்லை. சீட்டில் கல் இருந்தது. பெல்ட் கழன்று கிடந்தது. கல்லுக்கு அடியில் சீட் தொப்பலாக நனைந்திருந்தது. தொட்டுப் பார்த்தேன். தண்ணீர்... கால்வாய்ச் சேற்று வாடை.

நாங்குநேரி தாண்டி ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் விபின் வண்டியை ஓரம் கட்டினார். இறங்கி, கல்லை எடுத்தார்.

"அத்தான், திரும்பக் கொண்டு வரணும்னு அம்மா சொன்னாவ" என்றான் ஜெஸ்பின்.

"உனக்க அம்மைக்கிட்ட நான் சொல்லிக்கிடுதேன்."

உடைமர முள்காட்டுக்குள் ஓங்கி வீசினார். அது விழுந்த சத்தமே கேட்கவில்லை. காதைக் கூர்மையாக்கிக் கேட்டேன். கேட்கவில்லை.

வண்டி கிளம்பியது.

கீங்... கீங்... கீங்...

பின்சீட்டு. இடது பக்கம்.

"மாட்டுலே பெல்ட்டை!" என்று கத்தினார் விபின். ஜெஸ்பின் வெறும் சீட்டுக்குக் குறுக்கே பெல்ட்டை இழுத்து மாட்டினான். சத்தம் நின்றது. நான் வாய்விட்டு ஜெபம் பண்ண ஆரம்பித்தேன். எந்தச் சங்கீதமும் நினைவுக்கு வரவில்லை. "ஏசப்பா, ஏசப்பா" என்று மட்டும்தான் வந்தது.

காவல்கிணறு தாண்டினோம். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ஆரல்வாய்மொழிக் காற்றாலைகள் தெரிந்தன. அங்கே எப்போதும் காற்றுதான். அன்றைக்கு வண்டியையே ஆட்டியது.

டிக்.

பின்னால் ஒரு பெல்ட் கழன்ற சத்தம்.

திரும்பினேன். வெறும் சீட்டின் பெல்ட் போட்டபடியே இருந்தது.

கழன்றது ஜெஸ்பின் பெல்ட்.

"அக்கா... நான் தொடல."

எதிரே லாரி வந்துகொண்டிருந்தது.

டக்.

அவன் பக்கத்துக் கதவு திறந்தது.

காற்று. தூசி. ஹாரன்.

ஜெஸ்பின் பாதி உடம்பு வெளியே.

நான் என் பெல்ட்டைக் கழற்றியெறிந்து, சீட்டுகளுக்கு நடுவே பாய்ந்து அவன் சட்டையைப் பிடித்தேன். இழுத்தேன். வரவில்லை. ஒல்லியான பையன் அவன். வரவில்லை! அந்தப் பக்கம் யாரோ தள்ளிக்கொண்டிருந்தார்கள். நான் இழுக்க இழுக்க, யாரோ தள்ளினார்கள்.

என் காதோரம் ஒரு மூச்சு. சேற்று வாடை.

"எறங்குலே."

விபின் ஸ்டீயரிங்கை இடதுபக்கம் ஒடித்தார்.

லாரி கதவைப் பிய்த்துக்கொண்டு போனது.

வண்டி மண்ணில் இறங்கி நின்றது. ஜெஸ்பின் என் கையில் இருந்தான். தோள்மூட்டு நழுவியிருந்தது, உயிர் இருந்தது. அது போதும். நாகர்கோவிலில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். சட்டையைக் கழற்றிய நர்ஸ், "இதென்ன?" என்று கேட்டாள். அவன் இடது விலாவில் ஒரு பெரிய உள்ளங்கை. ஐந்து விரலும் கன்றிப்போய், தனித்தனியாகத் தெரிந்தது. நான் பிடித்தது அவன் சட்டையை மட்டும்தான்.

கதவு சரியாகப் பூட்டவில்லை என்று எல்லோரிடமும் சொன்னோம். சுனிதா வீட்டிலும் அதையேதான் சொன்னோம். அவர்கள் பதறி ஓடிவந்து பார்த்தார்கள், சம்பந்தம் முறியவில்லை. அம்மா மட்டும் கல் எங்கே, கல் எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அடுத்த வாரம், கால்வாய்க்கு அக்கரையில் இருக்கும் ஸ்ரீகுமார் அண்ணன் ஜெஸ்பினைப் பார்க்க வந்தார். பழகியதே இல்லை, கேள்விப்பட்டு வந்தார். நல்ல மனுஷன். என்னால் அடக்க முடியவில்லை, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். சிரிப்பார் என்று நினைத்தேன்.

அவர் சிரிக்கவில்லை.

"கல்லுல நூல் சுத்தியிருந்துதா?"

"ஆமா."

"மஞ்சளும்?"

தலையாட்டினேன். அவர் டீயைக் கீழே வைத்தார்.

"அது எங்க கணபதியப்பன் சித்தப்பாவுக்கு நிறுத்துன கல்லாக்கும். எங்கள்ல ஆளு செத்தா கல்லு நிறுத்தி, பேரு சொல்லிக் கூப்பிட்டு, பதினாறு நாளும் தண்ணியும் சோறும் வைப்போம். கடைசியில தண்ணில விட்டிருவோம். அதோட அவரு போயிருவாரு. நாங்க விட்டதுக்கு மறுநாளே கால்வாயை அடைச்சிட்டானுவ, கல்லு போவாம அங்கயே நின்னுட்டு."

எங்களுக்கு இதெல்லாம் தெரியாது. சர்ச்சும் கல்லறைத் தோட்டமும் தெரியும். அக்கரையில் ஒரு சாவு நடந்தது என்று மட்டும் வந்த புதிதில் கேள்விப்பட்டோம், துக்கம் கேட்கக்கூடப் போகவில்லை.

"எப்பிடிச் செத்தாரு?" என்று கேட்டது விபின்.

"கார்ல. ஆரல்வாய்மொழி கிட்ட. பின்கதவு திறந்து ரோட்டுல விழுந்துட்டாரு. எதிர்ல லாரி... எனக்க தங்கச்சிக்கு மாப்பிள வீட்டுல உறுதி சொல்லிட்டுத் திரும்பி வந்த வழி. வண்டி ஓட்டினது எங்க அப்பா. கதவு தானா திறந்துதுன்னு சொல்லுதாரு. சித்தப்பா வீட்டுல யாரும் நம்பல."

"எங்க உக்காந்திருந்தாரு?"

"பின்னால. வலது பக்கம்."

ஜெஸ்பின் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தான்.

ஸ்ரீகுமார் அண்ணனின் கண் கலங்கியது. "பாவம், அவரு வர வேண்டிய ஆளே இல்ல. போக இருந்தது அப்பா, பெரியப்பா, மாமா மூணு பேரும்தான். மூணு பேரா போவப்பிடாதுன்னு கடைசி நேரத்துல அப்பா அவரு வீட்டு வாசல்ல போய் நின்னு கூப்பிட்டாரு. நானும் பக்கத்துல நின்னேன். 'வாரும் ஓய், நாலாவது ஆளு நீருதான்'னு."

அம்மா சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் விபினும் ஸ்ரீகுமார் அண்ணனும் நாங்குநேரி தாண்டி அந்த இடத்துக்குப் போனார்கள். பொழுது சாயும்வரை தேடினார்கள். கல் கிடைக்கவில்லை.

அடுத்த மாதம் கல்யாணம். பாளையங்கோட்டையில்தான். இந்தமுறை எண்ணிப் பார்த்துத்தான் திட்டம் போட்டோம். அப்பா, அம்மா, விபின், நான், ஜெஸ்பின். கல்லும் இல்லை, கூப்பிட்டுக்கொண்டு போகிற ஆளும் இல்லை. போய்விட்டு அன்றைக்கே திரும்புவதாக இருக்கிறோம்.

நேற்றுச் சாயங்காலம் சுனிதாவின் அப்பா போன் செய்தார்.

"உங்க வண்டியில ஆறு பேருதான வாறீங்க?"

"அஞ்சு பேருதான்" என்றேன்.

"அப்பிடியா? காலையில உங்க மாமா போன் பண்ணி ஆறுன்னாரே."

நான் வாசலில் நின்ற வண்டியைப் பார்த்தேன்.

"வரும்போதும் போகும்போதும் மாப்பிள்ளை பக்கத்துல அவருக்கு எடம் வேணுமாம். அன்னைக்கு நீங்க அவரைப் பாதி வழியில எறக்கி விட்டுட்டீங்களாமே... இன்னும் கோவம் தீரலம்மா அவருக்கு."