வீட்டுக்குள் போகச் சொன்ன பிரிசில்லா

பிரிசில்லாவைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தாலே எனக்குக் கோபம் வருகிறது. அவள்மேல் இல்லை, என்மேல். அன்று பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து தலையாட்டியவன் நான்தான்.

வேடந்தாங்கல் பக்கம் கூலிக்கு நாற்று நட்ட குடும்பம் அவளுடையது. அதில் முதல் பட்டதாரி அவள், அதுவும் நிலவியலில். தொண்ணூற்றாறில் செங்கல்பட்டில் எங்கள் நிலநடுக்கப் பதிவு நிலையத்தில் சேர்ந்தாள். பார்க்க வருகிறவர்களிடம் வாய் ஓயாமல் விளக்குவாள். பூமியின் மேலோடு ஒரே துண்டு இல்லை, பல தட்டுகள். அவை முட்டுகிற விளிம்பில்தான் மலை எழும்பும், நிலம் குலுங்கும். நம் தட்டு வடக்கே முட்டியதில் இமயமலை. சுமத்ரா பக்கம் இன்னொரு தட்டுக்கு அடியில் நுழைந்துகொண்டிருக்கிறது. நாமோ விளிம்பிலிருந்து வெகுதூரம். சொன்னது அத்தனையும் சரி.

2004, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிறு. அவள் கணவர் ஞானதாஸும் எட்டு வயது மகள் ஜெஸ்ஸியும் கடப்பாக்கத்தில், ஞானதாஸின் அக்கா மேரி வீட்டில் இருந்தார்கள். கடலுக்கும் அந்த வீட்டுக்கும் நடுவே வெறும் மணல்தான். இவளுக்கு டியூட்டி. காலை ஆறரைக்குப் பதிவு முள் பேய் பிடித்ததுபோல் ஆடியது, நிற்கவே இல்லை. காகிதம் முழுக்கக் கருப்பு. தலைமை அலுவலகத்தைக் கேட்டால் சுமத்ரா என்றார்கள். அப்பாடா என்று இருந்தது எங்களுக்கு!

எட்டு மணிக்கு ஞானதாஸ் போன் செய்தார்.

"பிரிசி, காலைல தரை ஆடிச்சு. ஊரே ரோட்டுல நின்னுகினு கீது. இன்னா பண்றது?"

"அட, பயப்படாதீங்க. பூகம்பம் ரெண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி. எல்லாரையும் வூட்டுக்குள்ள போய் நாஸ்தா துன்னச் சொல்லுங்க."

நான் தலையாட்டினேன். கடலை நாங்கள் இருவருமே நினைக்கவில்லை. அங்கே சிக்கியிருந்த மேல்தட்டு விடுபட்டு எகிறியதில் கடலின் அடித்தரையே உயர்ந்து, மேலிருந்த தண்ணீரைத் தள்ளிவிட்டு ஒன்றரை மணி நேரமாகியிருந்தது. படித்த பாடம்தான் அது. சுனாமி ஜப்பான்காரன் கவலை என்று பக்கத்தைப் புரட்டிவிட்ட பாவிகள் நாங்கள்.

ஒன்பதேகாலுக்கு ஜீப் டிரைவர் துரை ஓடிவந்தார். "மேடம், கடலு ஊருக்குள்ள பூந்துச்சாம்!"

ஜீப்பில் கடப்பாக்கம் போகிற வழி முழுக்க அவள் அழவில்லை. "உள்ள போகச் சொன்னேனே சார்" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

கடப்பாக்கம் ரோட்டில் ஞானதாஸ் சொட்டச் சொட்ட நின்றார். தோளில் ஜெஸ்ஸி, உயிரோடு. பிரிசில்லா அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

"நீ சொன்னத ஊருக்கே சொன்னேன்," என்றார் அவர். "அக்காதான் மொதல்ல உள்ள போச்சு. இவ மட்டும் வரமாட்டேன்னு ஒரே அடம். ரோட்டுலயே இழுத்துகினு இருந்தேன், தண்ணி வந்துட்டது, இவளத் தூக்கிகினு ஓடினேன். அக்கா இன்னும் கெடைக்கல."

ஜெஸ்ஸி இறங்கி அம்மாவிடம் வந்தாள்.

"அத்தைய உள்ள போகச் சொன்னது நீயாம்மா?"

"ஆமாண்டி," என்றாள் பிரிசில்லா. "நான்தான்."