லாரியின் இடப்பக்கம்

இதை எழுதச் சில வருடங்களாகத் தயங்கினேன். அதிகம் படிக்காதவள், தவறாகச் சொல்லிவிடுவேனோ என்ற பயம்தான்.

என் கணவர் தினமும் சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவுக்குச் சைக்கிளில் வேலைக்குப் போகிறவர். லாரிகள் உரசிக்கொண்டு போகும். அவர் வீடு திரும்பும்வரை அம்மனைக் கூப்பிட்டபடி இருப்பேன். அதனால் நானும் அவரும் அக்கம்பக்கத்தாரோடு சேர்ந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே லாரிகள் நிறுத்தும் இடத்தில், "சைக்கிளுக்கு வழி விடுங்கள்" என்ற அட்டையோடு நின்றோம்.

ஒரு நாள் லாரி ஓட்டுநர் ஒருவர் அட்டையைப் படித்துவிட்டு, சைக்கிளோடு பக்கத்தில் நின்ற என் கணவரையும் பார்த்து, "கண்ணுல பட்டாத்தானே அக்கா வழி விட முடியும்? என் சீட்ல ஏறி உட்காருங்க. அண்ணன் சைக்கிளோட லாரிக்கு இடப்பக்கம் நிக்கட்டும்," என்றார்.

ஏறினேன். கண்ணாடியில் பார்த்தேன், எட்டியும் பார்த்தேன். அவரைக் காணோம்.

"எங்க போயிட்டாரு?"

"இங்கதான் லா நிக்கிறேன். அதுக்குள்ள தொலைச்சிட்டியா?" என்று கீழேயிருந்து கணவரின் குரல் கேட்டது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"எனக்கும் தினம் இந்தப் பயந்தான் அக்கா," என்றார் ஓட்டுநர்.

அம்மன்தான் அவரை அனுப்பினாள் என்று நம்புகிறேன். அடுத்த ஞாயிறு அவரே லாரியோடு வந்தார். சைக்கிள் ஓட்டுகிறவர்கள் ஒவ்வொருவராக ஏறிப் பார்த்தார்கள். இப்போது என் கணவர் சிக்னலில் லாரிக்குப் பக்கத்தில் நிற்பதில்லை, பின்னால்தான் நிற்கிறார். நானும் அம்மனிடம் ஓட்டுநர்களுக்காகவும் சேர்த்தே வேண்டிக்கொள்கிறேன்.

உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது சைக்கிளில் போனால் இதைச் சொல்லுங்கள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். நடந்தது இவ்வளவுதான்.