நாளுக்கு ஒரு படி

ஐம்பதுகளின் கடைசியில் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தேன். வயது முப்பத்திரண்டு. மாடிக்கு ஏறுவதற்குள் நாக்குத் தள்ளிவிடும். உடம்பைக் குறைக்க நான் எடுத்த தீர்மானம் எதுவும் மூன்று நாளைத் தாண்டியதில்லை. அதனால் இந்த முறை மிகச் சின்னதாக ஒன்றை வைத்துக்கொண்டேன். தினமும் சாயங்காலம் மலைக்கோட்டைக்குப் போக வேண்டும். முதல் நாள் ஒரு படி, மறுநாள் இரண்டு, அப்படியே உச்சிவரைக்கும்.

"ஒரு படி ஏறறதுக்கா அவ்வளவு தூரம் சைக்கிள் மிதிக்கப் போறீங்க?" என்றாள் மனைவி.

"ஆமா. நாளைக்கு ரெண்டு."

அடிவாரத்துப் பூக்காரம்மாளிடம் செருப்பை விட்டேன். ஒரு படி ஏறி இறங்கிச் செருப்பைக் கேட்டேன்.

"எதையாச்சும் மறந்துட்டீங்களா?" என்றாள்.

ஒரு வாரத்தில் அவளாகவே இது வேண்டுதல் என்று முடிவுகட்டி, வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டாள். எனக்கு ஜனங்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். பதினேழாம் படியில் நான் திரும்பியபோது ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு, "இவ்வளவு தூரம் வந்துட்டீங்க, பிள்ளையாரைப் பாத்துட்டுப் போங்க" என்று கெஞ்சினார்.

"இன்னைக்குப் பதினேழுதாங்க" என்றேன்.

அறுபது படி ஏறிய மறுநாள் காய்ச்சல். மூன்று நாள் படுத்துவிட்டுப் போனால், பூக்காரம்மாள், "இன்னைக்கு அறுபத்தி நாலு" என்றாள்.

"அறுபத்தி ஒண்ணுங்க."

"மூணு நாளும் உங்களுக்குப் பதிலா நான் ஏறிட்டேன். வேண்டுதலை நடுவுல விடலாமா?"

வேண்டுதல் இல்லை, தொப்பைக்காகத்தான் ஏறுகிறேன் என்று உண்மையைச் சொன்னேன். அவள் என் வயிற்றைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அப்படின்னாலும் அறுபத்தி நாலே ஏறுங்க."

ஏறினேன். இருபது வருஷமாக அங்கே பூ விற்றும் அவள் அதுவரை ஒரு படிகூட ஏறியதில்லையாம். இப்போது பழகிவிட்டது என்று, கூடையைப் பக்கத்துத் தேங்காய்க் கடையில் வைத்துவிட்டு தினமும் கூடவே வந்தாள். எண்ணிக்கையில் நான் தடுமாறினால் திருத்துவாள்.

உச்சியைத் தொட ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அன்று வீட்டில் மனைவி என் பேண்ட்டின் இடுப்பைப் பிடித்துப் பார்த்தாள். ஒரு பிடி தொளதொளத்தது.

"சைக்கிள் மிதிச்சுத்தான் இளைச்சிருக்கீங்க. படியால இல்ல."

அது சரியென்று பட்டதால் எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது.

மறுநாள் ஏறுவதற்குப் புதிதாகப் படி இல்லை. ஆனாலும் ஐந்து மணிக்குக் கால் சைக்கிளைத் தேடியது. போனால், பூக்காரம்மாள் கூடையை ஒப்படைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தாள்.

"இன்னைக்கு எத்தனைங்க?" என்றேன்.

"எல்லாம்தான்" என்று சொல்லிவிட்டு அவள் முன்னால் ஏறத் தொடங்கினாள்.