நெரிசா பதில் எழுதாத மெசேஜ்

நெரிசாவுக்கு என் ஜெராக்ஸ் கடையில் ஒரு மூலை மேஜை உண்டு. வாடகை கிடையாது. அதற்குப் பதிலாக என் கடையின் பேஸ்புக் பேஜை அவள் பார்த்துக்கொள்வாள். ஹாரோ தேவாலயத்துக்குப் பின்தெருவில் முக்கால்வாசிக் கடைகளுக்கு அவள்தான் வாய். டயர் கடைக்காரர், கல்யாண கவுன் வாடகைக்கு விடுகிறவள், சவப்பெட்டி விற்கிறவர், எல்லார் பேரிலும் அவளே பதில் போடுவாள். டயர் கடைக்காரராகக் கறாராகப் பேசிவிட்டு, மூச்சு விடுவதற்குள் கவுன்காரியாகக் கொஞ்சுவாள். சொந்தக் குரலில் அவள் பேசி நான் கேட்டது குறைவு. நூடுல்ஸ் கப்பை நீட்டி, "மனாங், வெந்நீர் இருக்கா?" என்பாள். நான் மூத்தவள் என்பதால் அந்த அக்கா மரியாதை மட்டும் தவறாது.

மணிலாவில் கால் சென்டரில் வேலை பார்த்துத் தொண்டை கெட்டு, எங்கள் ஊரான இலோய்லோவுக்கே திரும்பியவள். "இப்ப தொண்டைக்கு லீவு மனாங், விரலுக்குத்தான் ஓவர்டைம்" என்று சொல்லிச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு கண் வரைக்கும் போகாது.

படத்திலேயே கொட்டை எழுத்தில் விலை போட்டிருக்கும். கீழே ஆளாளுக்கு "விலை எவ்வளவு?" என்று கேட்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"இவங்களுக்கெல்லாம் கண்ணு அவிஞ்சா போச்சு?"

"விலை தெரியும் மனாங். யாராவது தங்கிட்ட பேசணும், அதான்." தலை நிமிராமலே சொல்வாள்.

பிபிங்கா கடை பூரிதாவின் பேஜும் அவளிடம்தான் இருந்தது. மேலும் கீழும் தணல் போட்டு அரிசிமாவு பிபிங்கா சுடுகிற பூரிதாவிடம் பொத்தான் வைத்த பழைய போன்தான் உண்டு. அவள் மகன் ஜெர்வின் சரக்குக் கப்பலில் வேலை. நடுக்கடலிலிருந்து போன் கிடைக்காது என்று அம்மாவுக்கு எழுதுவதையும் கடைப் பேஜுக்கே அனுப்புவான். முதலில் நெரிசா ஓடிப்போய்ப் படித்துக் காட்டுவாள். பூரிதா மாவுக் கையோடு, "நல்லா இருக்கேன்னு எழுது இன்டாய். உனக்குத் தெரியாததா?" என்பாள். சின்னப் பெண்களை இங்கே இன்டாய் என்றுதான் கூப்பிடுவோம். போகப்போக நெரிசா கேட்பதை விட்டுவிட்டாள். அவளே அம்மாவாக எழுதி, அவன் சொன்ன சேதியைச் சாயங்காலம் போகிறபோக்கில் பூரிதாவிடம் சொல்லிவிடுவாள்.

பூரிதாவின் புருஷன் எவுசெபியோ திடீரென்று போய்ச் சேர்ந்தார். பேஜில் போடச் சொன்னார்கள். நெரிசா கறுப்புப் பின்னணியில் மெழுகுவர்த்திப் படம் வைத்து, பார்க்கிறவர் மனசு கனக்கிற மாதிரி நாலு வரி எழுதினாள். கையோடு கவுன்காரிக்கு ஏதோ அவசரம். ஆர்டர் கேட்கிறவர்களுக்குத் தானாகவே போகிற பதிலை நிறுத்த மறந்துவிட்டாள்.

மறுநாள் மதியம் நாங்கள் பூரிதா வீட்டுக்குப் போனபோது வாசலில் சீட்டாட்டம், காபி, பிஸ்கட், எல்லாம் சாவு வீட்டு வழக்கம்போல. உள்ளே சவப்பெட்டிக்குப் பக்கத்தில் பூரிதாவின் நாத்தனார் விசிங் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இந்தா, வந்துட்டா மகராசி! துக்கம் விசாரிச்சவங்களுக்கு என்ன அனுப்பியிருக்கா, கேளுங்க! 'ரொம்ப நன்றி! மறுபடியும் வாங்க!' எத்தனை பேருக்குடி அனுப்பின?"

வாசலில் சீட்டாட்டம்கூட நின்றுபோனது. சாவு வீட்டில் நன்றி சொன்னால் இன்னொரு சாவை அழைத்த மாதிரி. வந்தவர்களை வழியனுப்பக்கூட எழுந்திருக்க மாட்டோம். இது இந்த ஊரில் நடை பழகும்போதே பழகுகிற விஷயம். நெரிசாவின் முகத்தில் ரத்தமே இல்லை.

பூரிதா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "எம்புள்ள கடல்ல இருக்கான். அப்பன் செத்து இன்னும் ஒரு வார்த்த வரல அவங்கிட்டருந்து. நீ அடுத்த சாவ வான்னு கூப்பிட்டுட்டியே இன்டாய்" என்றாள்.

நான் நெரிசாவின் கையைப் பிடித்து இழுத்தேன். "வா, போலாம். அப்புறம் பேசிக்கலாம்." அவள் வரவில்லை. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து தானியங்கிப் பதிலை நிறுத்தினாள். பிறகு ஒவ்வொருவருக்கும் நன்றி என்ற சொல்லே வராமல், கையால் எழுத ஆரம்பித்தாள். தெருவுக்கே வாயாக இருந்தவளுக்காகப் பேச அங்கே ஒரு வாய் இல்லை. என் வாயும் சேர்த்துத்தான்.

நடுவில் சட்டென்று நிறுத்திப் போனை என்னிடம் நீட்டினாள். ஜெர்வின்.

"அம்மா, அப்பா போனது பேஜைப் பாத்துத்தான் தெரிஞ்சுது. நான் நல்லாருக்கேன், ஆனா இறங்கி வர வழியில்ல. இவ்ளோ நாளா எழுதுறது நீங்க இல்லன்னு எனக்குத் தெரியும். நீங்க எப்பம்மா இதயப் படம் போட்டிருக்கீங்க? அந்தப் பொண்ணு நல்லாத்தான் எழுதுது. இன்னிக்கு மட்டும் நீங்களே எழுதுங்கம்மா."

அதற்கும் கீழே, நிறுத்துவதற்கு முன்பே தானியங்கிப் பதில் போயிருந்தது: ரொம்ப நன்றி! மறுபடியும் வாங்க!

அவள் எழுந்து போய்ப் பூரிதாவின் முன்னால் மண்டியிட்டாள். முழுவதையும் மெதுவாகப் படித்துக் காட்டினாள். மகன் உயிரோடு இருக்கிறான் என்றதும் பூரிதா பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுது முடித்து, பழைய பழக்கத்தில், "நீயே ஏதாச்சும் எழுதிடு இன்டாய். என்னை விட நீதான் நல்லா எழுதுவ" என்றாள்.

"மாட்டேன் மனாங்."

"எனக்கு இதெல்லாம் வராதுடி."

"வராட்டி பரவால்ல. இத மட்டும் நான் எழுத மாட்டேன். என்னால முடியல மனாங்."

அதுதான் அவள் குரல். கரகரத்து, களைத்துப்போய் இருந்தது.

பூரிதா போனை வாங்கினாள். தணலில் காய்த்த விரல் ஒன்றால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி அழுத்தினாள். விசிங்கூட குனிந்து எட்டிப் பார்த்தாள். வெகுநேரத்துக்குப் பிறகு திரையில் ஒரே ஒரு சொல் இருந்தது: சாப்டியா.

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. "அம்மா" என்று மட்டும்.

நெரிசா நாற்காலிக்குத் திரும்பி, கைகளை மடியில் போட்டுக்கொண்டாள். டயர் கடைக்காரர் போனில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். நான் பூரிதாவிடமிருந்து நெரிசாவின் போனை வாங்கி என் பையில் போட்டேன். கிளம்பும்போது பூரிதா எங்களைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். அன்றைக்கு நெரிசாவுக்கு ஒரு நன்றி சேர வேண்டியிருந்தது. சாவு வீடு, யாரும் சொல்ல முடியாது.