ஒரு மரத்துக்கு நாலு பேர்

அடிகுழாயின் இரும்புக் கைப்பிடியை உள்ளங்கையால் அழுத்தித் தொட்டுவிட்டுத்தான் பொன்னுத்தங்கம் முதல் அடி எடுத்து வைப்பார். பின்னால் நிற்கும் பத்துப் பேரும் அதே மாதிரி தொட்டாக வேண்டும். நழுவப் பார்த்தால், "அண்ணாச்சி, கைய வைங்க. ஒடம்புல இருக்குற கரண்ட எறக்கிட்டு வாங்க" என்று குரல் வரும். பட்டாசு ஆலையில் வெடிமருந்து அறைக்குள் நுழையுமுன் செப்புத் தகட்டைத் தொடுவது விதி. கருவேலங்காட்டுப் பக்கம் காற்று வாங்கப் போகிறவர்களுக்கு அது எதற்கு என்று முதல் மாதம் எல்லாரும் சிரித்தார்கள். இப்போது தொடாமல் கிளம்பினால் அவர்களுக்கே என்னவோ போல் இருக்கிறதாம்.

ஆமத்தூரில் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குப் புறப்படும் இந்தக் கூட்டத்துக்குப் பெயர் கிடையாது, சந்தா கிடையாது, தலைவர் கிடையாது. கடைசியாகச் சொன்னது பேச்சுக்குத்தான். பொன்னுத்தங்கம் திரும்புகிற பக்கம்தான் பாதை. சர்க்கரைக்காக நடக்கும் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் அய்யாதுரை, முக்குக்கடை ருக்சானா, முழங்கால் வலிக்காரர்கள் நாலைந்து பேர், சும்மா ஊர்க்கதை பேச வருகிறவர்கள் மிச்சம். தை மாதத்தில் பருத்தி வெடித்துக் கிடந்த காட்டு வழியாகப் போனார்கள். சித்திரையில் அதே காடு பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது, அப்போதும் போனார்கள். எப்படிச் சுற்றினாலும் முடிவு கண்மாய்க் கரைதான்.

பொன்னுத்தங்கத்துக்கு ஐம்பத்து நாலு வயது. ஒல்லி உடம்பு, பருத்திச் சேலை தவிர வேறு கட்டமாட்டார். ருக்சானா கொலுசு போட்டு வந்த அன்று அதைக் கழற்றி இடுப்பில் செருக வைத்த பிறகே கூட்டம் நகர்ந்தது. மெதுவாக நடக்கிறவர் முன்னால் போக வேண்டும், அவரைத் தாண்டி யாரும் போகக் கூடாது என்பது இன்னொரு சட்டம். "வேகமா நடக்கணும்னா பஸ் ஸ்டாண்டுல போய் நடங்க" என்பார். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். இருபத்தாறு வருஷம் பட்டாசு ஆலையில் ஃபோர்மேனாக இருந்தவரின் பழக்கம் கண்மாய் வரைக்குமாவது வராதா?

கரையில் மூன்று வேம்பு நிற்கிறது. ஒவ்வொன்றின் நிழலிலும் பத்துப் பேர் தாராளமாகக் காலை நீட்டலாம். பொன்னுத்தங்கம் விடமாட்டார். மரத்துக்கு நாலு பேர். முதல் மரத்தடியில் நாலு, இரண்டாவதில் நாலு, மூன்றாவதில் அவரோடு சேர்த்து மூன்று. நாலாவது இடத்தில் பொரிகடலையும் கருப்பட்டியும் வைத்த அவருடைய மஞ்சள் பை உட்கார்ந்திருக்கும். ஒரு நாள் அய்யாதுரை அந்தப் பையை நகர்த்திவிட்டுக் காலை நீட்டினார். "அது ஆளு இருக்குற எடம், அண்ணாச்சி" என்று காலை மடக்கச் சொல்லிவிட்டார்.

"வெட்டவெளியில எதுக்குத்தா நாலு பேரு கணக்கு? எந்தப் பக்கம்னாலும் ஓடலாம்ல?" என்றார் அய்யாதுரை.

"ஓட எடம் இருக்குன்னுதான் அன்னைக்கும் நெனச்சேன்" என்றார் பொன்னுத்தங்கம். அந்த அன்றைக்கு என்ன நடந்தது என்பது ஊருக்கே தெரியும்.

மருந்து அறைக்கு நாலு வாசல். ஆளுக்கொரு வாசலோரம் நாலு பேர்தான் உட்கார வேண்டும். தீபாவளிக்குப் பதினெட்டு நாள் இருந்தது, லோடு ஏற்ற லாரி வந்து நின்றுவிட்டது. ஐந்தாவதாக நடுவில் அழகுமீனா என்கிற பெண்ணை உட்கார வைத்தவர் பொன்னுத்தங்கம். தீ பிடித்தபோது நாலு பேர் நாலு வாசல் வழியாக வெளியே விழுந்து தப்பினார்கள். ஐந்தாவது ஆளுக்கு வாசல் இல்லை. அழகுமீனாவுக்கு இரண்டு கைகளும், இடது கன்னமும் வெந்துபோயின. வயது இருபத்தேழு.

"ஆர்டர் அவசரம், லாரி நின்னுச்சுன்னு ஆயிரஞ் சொல்லலாம். எடஞ் சொன்ன வாயி என் வாயிதான்." இதை அவர் எவரிடமும் மறைத்ததில்லை. விசாரணைக்கு வந்தவர்களிடமும் இதையே சொன்னார். வேலையை விட்டார். இப்போது திருத்தங்கலில் ஓர் அச்சகத்தில் காலண்டருக்குத் தகரம் அடிக்கிறார். பிழையை இன்னொருவர் தலையில் கட்டுவதற்கு வழியிருந்தும் கட்டாதவரைப் பார்த்தால் கும்பிடத்தான் தோன்றுகிறது.

மூன்று மாதம் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அழகுமீனா வீட்டுக்குள்ளேயே அடைந்துகொண்டாள். காலாற வெளியே நடக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். தை முதல் ஞாயிற்றுக்கிழமை பொன்னுத்தங்கம் அந்த வாசலில் போய் நின்றார். "அளகு, கம்மாக்கரை வரைக்கும் நடந்துட்டு வாரேன். வந்தாலுஞ் சரி, வராட்டியுஞ் சரி. சொல்லிட்டுப் போறேன்." கதவு திறக்கவில்லை. சொன்ன வார்த்தைக்காகத் தனியாகவே போய்த் திரும்பினார். மறுவாரமும் அப்படியே. அதைப் பார்த்துத்தான் அய்யாதுரை சேர்ந்தார், அவரைப் பார்த்து மற்றவர்கள். இருபத்தொரு ஞாயிறு, அதே வாசல், அதே வார்த்தை.

இருபத்திரண்டாவது ஞாயிறு பொன்னுத்தங்கத்துக்குக் காய்ச்சல். போகவில்லை. அதற்கடுத்த வாரம் அவர் போய் வாய் திறக்குமுன்னே கதவு திறந்தது. துண்டால் பாதி முகத்தை மூடிக்கொண்டு அழகுமீனா நின்றாள்.

"போன வாரம் ஏன் வரலீக?"

"காய்ச்ச."

"ஒரு வார்த்த சொல்லி விட்டுருக்கலாம்ல சித்தி? அஞ்சரைலருந்து கதவுக்குப் பின்னாடியே நின்னேன்."

எல்லா ஞாயிறும் அவள் அங்கேதான் நின்றிருக்கிறாள். "செருப்பப் போட்டு வா" என்றார் பொன்னுத்தங்கம்.

அடிகுழாயில் தழும்பேறிய கையை அழகுமீனா வைத்தபோது பத்துப் பேரும் வேறெங்கோ பார்த்தார்கள். அன்று அவள்தான் முன்னால் நடந்தாள். ஆறு மாதம் வீட்டுக்குள் கிடந்த கால், நூறடிக்கு ஒரு தரம் நின்றது. அவள் நின்றால் கூட்டமும் நின்றது. வழக்கமாக முக்கால் மணி நேரத்தில் வரும் கரை, வெயில் ஏறிய பிறகுதான் வந்தது.

எல்லாரும் அவரவர் மரத்தடியில் உட்கார்ந்தார்கள். அழகுமீனா உட்காரவில்லை. ஒவ்வொரு மரமாகப் பார்த்துவிட்டு, மடைக்கல் பக்கம் வெயிலில் ஒதுங்கினாள்.

"நான் இங்கனயே இருக்கேன் சித்தி. அங்கன எல்லாம் நாலு நாலு ஆயிருச்சு."

பொன்னுத்தங்கம் மஞ்சள் பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். அது இருந்த இடத்தில் உதிர்ந்து கிடந்த வேப்பம்பழங்களை உள்ளங்கையால் ஒவ்வொன்றாக ஒதுக்கினார்.