ஜப்பான் நடவும் ஒரு பாட்டில் தண்ணீரும்

இன்று கும்மிடிப்பூண்டி பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் ஒரு தொழிற்சாலைச் சுவரைக் காட்டினார்.

"இதெல்லாம் எங்க கழனி சார். ஜப்பான் நடவ இந்தப் பக்கம் மொதல்ல கொண்டாந்ததே எங்க நைனாதான்."

அவருடைய நைனா ஜப்பான் போனதில்லை. போனவன் நான்.

எழுபதுகளில், விவசாயக் கல்லூரி மாணவனாக, இரண்டு மாதப் படிப்புப் பயணம். என்னைத் தங்கவைத்த விவசாயி தன் பக்கத்தில் உட்காரவைத்துச் சாப்பாடு போட்டார். மீனில் முள் எடுத்துத் தந்தார்.

ஊர் திரும்பியதும் இந்த நைனா ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். அவர் கழனியில்தான் என் அம்மா கூலிக்கு நாற்று நட்டாள். நான் சேற்றில் இறங்கிக் கயிறு பிடித்து, வரிசையாக நடுவதை நாள் முழுக்கச் சொல்லிக்கொடுத்தேன்.

தாகமெடுத்தது. அவர் வரப்பில் நின்றபடி சொம்பை உயர்த்தி ஊற்ற, நான் குனிந்து இரண்டு கைகளிலும் ஏந்திக் குடித்தேன். நடுவில் கேட்டார்.

"ஜப்பான்ல சோறு எங்கடா துன்னே?"

"அவங்க வூட்டுக்குள்ளதாங்க. அவங்களோட உக்காந்து."

தண்ணீர் அதோடு நின்றது.

இதை இன்று அவர் மகனிடம் சொல்லிவிட வாயைத் திறந்தேன். இருமல்தான் வந்தது. மனிதர் பதறிப்போய்ப் பாட்டிலைத் திறந்து நீட்டினார்.

"தண்ணி குடி சார்."

என் கைகள் இரண்டும் தானாகச் சேர்ந்து ஏந்தி நின்றன.

"இன்னா சார் இது, வாய வெச்சே குடி!"

ஜப்பான் வரை போய்வந்த கைகள்தான். இன்னும் எந்த நாட்டுக்குப் போனால் இதை மறக்கும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.